கட்டியங்காரனுக்குக் கேபிளில் இடமுண்டா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வடாற்காட்டில், பெரியவர் ஒருவர் இறந்தால் காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள், பங்காளிகள், சம்பந்திகள், ஊரார் எல்லாரும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். கதையோ கர்ணன் களத்தில் விழப்போகும் கதை. போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்து முகம் கொடுக்க மறுக்கிறாள். அந்த நேரத்தில் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அடிக்கும் கேலிக்குக் கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. அரை மணி நேரம் கழித்து அதே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று யாரும் கூச்சப்படுவதில்லை.

நகைச்சுவையும் துயரமும் கலந்த நாடகம் என்றால் என்ன என்று இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டுக் கூடத்தில் ஓடும் கேபிள் தொலைக்காட்சியைப் பாருங்கள். அழுகைக்கு ஓர் எண், சிரிப்புக்கு வேறோர் எண். இரவு எட்டு மணிக்கு ஒரு சேனலில் மருமகள் அழுதுகொண்டிருப்பாள். சிரிக்க வேண்டுமானால் ரிமோட்டை அழுத்தி ஆதித்யாவுக்கோ சிரிப்பொலிக்கோ போக வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டி ஓட்டுவதற்கென்றே சேனல் நடத்தும் அளவுக்கு நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினைக்கு ரசனையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ‘மக்கள் அழுகையைத்தான் விரும்புகிறார்கள்’ என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு தொடரில் சிரிப்பும் துயரமும் சேர்ந்து வாழுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்தத் தொடருக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதுதான். அமெரிக்கக் கேபிளில் இந்த வகைத் தொடர்கள் ஏன் செழித்தன, நம் கேபிளில் தலைகாட்டிய சில ஏன் வாடின என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பார்க்கத் தகுந்தவை எவை என்பதையும் இடையிடையே சொல்லிவிடுகிறேன்.

மலைக்கு அப்பால் வந்த கம்பி

அமெரிக்காவில் கேபிள் தொலைக்காட்சி மாநகரங்களில் பிறக்கவில்லை. 1940-களின் இறுதியில், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் மலைப்பாங்கான சிற்றூர்களில் ஆண்டெனாவுக்கு ஒளிபரப்பு எட்டவில்லை. மலைமேல் பெரிய ஆண்டெனா ஒன்றை நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். மலைகள் சூழ்ந்த வேலூரில், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளியிருந்த சென்னை நிலையத்தின் படத்தைப் பிடிக்க மொட்டை மாடியில் இரும்புக் குழாய்மேல் குழாய் பொருத்தி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த தலைமுறைக்கு அந்தத் தவிப்பு நன்றாகவே புரியும்.

அதே பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்ற ஊரில்தான் 1972 நவம்பர் 8 அன்று ஹெச்பிஓ தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது; வேண்டுமென்பவர் மாதச் சந்தா கட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சிக் கதைகளின் போக்கையே பின்னாளில் மாற்றியது இந்த ஏற்பாடு.

விளம்பரத்தை நம்பி, ஆண்டெனா வழியே எல்லாருக்கும் இலவசமாகப் போகும் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒரே கவலை, எத்தனை கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்பது. சோப்பு விற்பவர் தன் விளம்பரத்துக்கு முன்னால் பார்வையாளர் இதமான மனநிலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மறுகணம் நோயாளி ஒரு நக்கல் அடித்தால், அதற்கடுத்துத் தன் சோப்பு வருவதை அவர் விரும்பமாட்டார். அதனால் அங்கும் இரண்டு பெட்டிகள் இருந்தன: பின்னணியில் சிரிப்பொலி சேர்த்த அரைமணி நேர நகைச்சுவை, சிரிப்பே இல்லாத ஒருமணி நேர நாடகம். ஆண்டுக்கு 22 அல்லது 24 அத்தியாயங்கள்.

சந்தாவை நம்பும் சேனலின் கணக்கு வேறு. எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதில்லை. சந்தா கட்டியவர்களில் ஒரு பகுதியினருக்காவது ‘இதற்காகவே கட்டலாம்’ என்று தோன்ற வேண்டும். கொஞ்சம் பேருக்கு மிகவும் பிடித்தது, எல்லாருக்கும் ஓரளவு பிடித்ததைவிட லாபமாகிவிடுகிறது. பருவத்துக்கு (சீசனுக்கு) பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் போதும். எழுதுபவருக்கு அவகாசம் கிடைக்கிறது. பொது ஒளிபரப்பின்மீது அரசு ஆணையம் விதிக்கும் ஆபாசக் கட்டுப்பாடுகள் கேபிளுக்குப் பொருந்தாது என்பதால் சாவு, நோய், போதை, உடல் எல்லாவற்றையும் பேச முடிகிறது.

‘தி டேஸ் அண்ட் நைட்ஸ் ஆஃப் மாலி டாட்’ என்ற தொடரின் கதி இதற்கு நல்ல சான்று. தனியாக வாழும் நியூயார்க் பெண்ணைப் பற்றிய இந்தத் தொடரில் சிரிப்பொலி கிடையாது. சிரிக்கவா வருந்தவா என்று சொல்லித்தரவும் யாரும் இல்லை. 1987-ல் என்பிசி என்ற பொது நிறுவனத்தில் தொடங்கி மறு ஆண்டே கைவிடப்பட்டது. லைஃப்டைம் என்ற கேபிள் சேனல் அதை எடுத்து 1989 முதல் 1991 வரை நடத்தியது.

நம் தெருவுக்கு வந்த கம்பி

நம் கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் மாடியில் குடை ஆண்டெனா வைத்துத் தெருவுக்குத் தெரு கம்பி இழுத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்த ஆண்டு ராஜ் டிவி. கேபிள்காரர் மாதம் ஒருமுறை வீட்டு வாசலில் வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பணத்தில் சேனலுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். எத்தனை வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்ற உண்மைக் கணக்கு கேபிள்காரருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். கம்பி அமெரிக்காவில் வந்தது போலவே வந்தது. சந்தாக் காசு மட்டும் கதை எழுதுகிறவர் வரைக்கும் போகவே இல்லை.

ஆகவே தமிழ்ச் சேனல்கள் கேபிள் வழியாக வந்தாலும், பொது ஒளிபரப்பு போல விளம்பரத்தில்தான் வாழ்ந்தன. அதிலும் ஒரு தமிழ்ப் பாணி உருவானது. தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்குவார். அதற்குள் தமக்கு ஒதுக்கப்பட்ட விளம்பர நிமிடங்களைத் தாமே விற்றுப் போட்ட காசை எடுப்பார். நட்டம் வந்தால் அவர் தலையில். இப்படிப்பட்டவர் ஒருநாளும் அறுபடாத பழக்கத்தைத்தான் நாடுவார். வாரத்துக்கு ஒன்று என்பது போய் நாளுக்கு ஒன்று என்றாயிற்று. ‘சித்தி’ 1999-ல் தொடங்கியது. 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 வரை 1,500-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது.

நாள்தோறும் ஓடும் தொடருக்கும் சிரிப்புக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை? கண்ணீரை இழுக்கலாம். ஒரு மாமியார் கதவைத் திறப்பதை மூன்று கோணங்களில் காட்டி, வெள்ளிக்கிழமை நிறுத்தி, திங்கட்கிழமை தொடரலாம். நடுவில் இரண்டு நாள் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சிரிப்பு அப்படி இழுபடாது. அதற்கு ஒத்திகை வேண்டும், நேரக்கணக்கு வேண்டும், சொன்னதையே திரும்பச் சொல்லாத எழுத்து வேண்டும். ஒருநாள் படப்பிடிப்பில் ஓர் அத்தியாயத்தை முடித்தாக வேண்டிய குழுவிடம் இவை எதுவும் இருக்காது.

இன்னொரு பழக்கம் சினிமாவிலிருந்து வந்தது. தமிழ்ப் படங்களில் நகைச்சுவை தனிப் பகுதியாகவே வளர்ந்தது. என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே அவருடைய குழு தனியாக எழுதி எடுத்த காட்சிகள் படத்தில் சேர்க்கப்பட்டன. கலைவாணரின் மேதைமைக்கு அது பொருந்தியது. அவர் சேர்த்த பகுதிக்கே தனி அறிவு இருந்தது. பின்வந்தவர்கள் கையில் அது கதாநாயகன் துயரப்படும்போது ஓய்வு தரும் இடைவேளையாகிப் போனது. கட்டியங்காரன் அப்படி இல்லை. அவன் அரசனின் சேவகன்; கதைக்குள்ளேயே நிற்பவன்; திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவைப் பார்த்து ‘நீ யாரப்பா?’ என்று கேட்பவன். அவனை வெட்டி எடுத்துத் தனிச் சேனலில் ஓட்ட முடியாது.

வாரத் தொடர்களின் குறுகிய வசந்தம்

நாள் தொடர்கள் எல்லா நேரத்தையும் விழுங்குவதற்கு முன் சில ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் வந்தவற்றில் இன்றும் பார்க்கத் தகுந்தது ‘ரமணி வெர்ஸஸ் ரமணி’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கி 1998-ல் ராஜ் டிவியில் வந்தது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ‘மர்மதேசம்’ வரிசையில் ஊரையே நடுங்க வைத்த அதே நாகாதான் இதையும் இயக்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்று புலப்படும்: பயமுறுத்தத் தெரிந்தவருக்குத்தான் சிரிப்புக்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்பது தெரிகிறது. அது முழுக்க நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் புதுமணத் தம்பதியின் சண்டையில் பணமும் வேலையும் தன்மானமும் உள்ளே இருப்பதால், சில இடங்களில் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். இரண்டாம் பாகத்தில் தேவதர்ஷினி. இரண்டில் எது மேல் என்று என் நண்பர்களுக்குள் தீராத வழக்கு உண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு.

சன் டிவியில் வந்த ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வுக்கு இன்னும் பெரிய கூட்டம் இருந்தது. மாமியார் மருமகள் சண்டையை நாள் தொடர்கள் அழுகையாக விற்றுக்கொண்டிருந்தபோது அதையே கேலியாக்கியது அதன் துணிச்சல். ஆனால் துயரத்தின் பக்கம் அது போகவே இல்லை; அதனால் இந்தக் கட்டுரையின் கணக்கில் அது பாதிதான். விஜய் டிவியில் 2006-ல் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிரிப்பையும் அவமானத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. முதல் பகுதியைத் தாராளமாகப் பார்க்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

இந்த வட்டாரத்தின் சௌகரியம், ஒரு மொழியோடு நின்றுவிட வேண்டியதில்லை. காட்பாடியைத் தாண்டினால் சித்தூர். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறைய. ஜெமினி டிவியில் 2001 முதல் 2007 வரை 313 அத்தியாயங்கள் வந்த ‘அம்ருதம்’ அவர்களில் பலருக்கு வீட்டு உறவு போல. அம்ருத ராவ், ஆஞ்சநேயுலு என்ற இரண்டு நண்பர்கள் உணவகம் நடத்தித் திண்டாடும் கதை. வெற்றி பெறவே முடியாத இரண்டு மனிதர்களை ஆறு ஆண்டுகள் வெறுக்காமல் பார்க்க வைத்ததுதான் அதன் சாதனை. தெலுங்கு அரைகுறையாகத் தெரிந்தாலே போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் உருது பேசும் வீடுகளுக்கு இந்தித் தொடர்கள் அந்நியமல்ல. ஸப் டிவியில் 2001-ல் தொடங்கிய ‘ஆபிஸ் ஆபிஸ்’ தொடரில் பங்கஜ் கபூர் முசத்திலால் என்ற சாமானியராக அரசு அலுவலகங்களில் மேசைக்கு மேசை அலைவார். கையூட்டு கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பு மூட்டுவார்கள். முசத்திலாலின் முகம் மட்டும் சிரிக்காது. தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நின்றிருப்பவர்களுக்குத் துணைத்தலைப்பு தேவைப்படாது.

மருத்துவமனை ஊரிலிருந்து பார்த்தால்

இனி அமெரிக்கத் தொடர்களுக்கு வருகிறேன். வழக்கமான பட்டியல்களில் எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள். வேலூரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு முதலில் எவை உறைக்கும் என்பதை வைத்து நான் தேர்ந்தெடுக்கிறேன்.

வேலூர் ஒரு மருத்துவமனை ஊர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டில் மருந்தகமாகத் தொடங்கிய சிஎம்சியைச் சுற்றி ஒரு நகரமே வளர்ந்திருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சுற்றுத் தெருக்களின் விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அந்த விடுதி வராந்தாக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள்: ஒரு அறையில் வங்காளத் தொடர், பக்கத்து அறையில் மீன் பொரிக்கும் மணம், மாடிப்படியில் உட்கார்ந்து நாளைய பரிசோதனையைப் பற்றிக் கேலி பேசிச் சிரிக்கும் நோயாளியும் துணைக்கு வந்தவரும். நோயாளிகள் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பார்கள் என்று நம்புவது தொடர் எடுப்பவர்கள் மட்டும்தான்.

அதனால் முதல் பரிந்துரை ‘நர்ஸ் ஜாக்கி’. ஷோடைம் என்ற சந்தாச் சேனலில் 2009 முதல் 2015 வரை ஏழு பருவங்கள் வந்தது. நியூயார்க்கின் ஆல் செயின்ட்ஸ் என்ற கற்பனை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஜாக்கி செவிலியர். மருத்துவர்களைவிட விஷயம் தெரிந்தவள், ஏழை நோயாளிக்காக விதிகளை வளைப்பவள், வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமை. மருந்தாளுநரோடு கள்ள உறவு. வேலைக்கு வரும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிடுவாள். முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோன இளைஞனின் உறுப்புதான அட்டையில் அவளே கையெழுத்துப் போடுகிறாள். ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திவிட்டு அலட்டிக்கொள்ளாமல் படுத்திருக்கும் பெரிய மனிதனின் அறுந்த காதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிறாள். சிரித்துவிடுகிறோம், சிரித்தது சரியா என்று யோசிப்பதற்குள் அவள் மூக்கில் மாத்திரைப் பொடியை இழுக்கிறாள்.

நியூயார்க் மாநிலச் செவிலியர் சங்கம் இந்தத் தொடர் தங்கள் தொழிலை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புத் தெரிவித்தது. செவிலியர்களை வெள்ளைச் சீருடைத் தேவதைகளாகக் காட்டும் நம் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கும் அது புரியக்கூடியதே. ஆனால் தேவதையாக்குவதைவிட, தப்பு செய்யும் கெட்டிக்காரியாகக் காட்டுவது அதிக மரியாதை என்று நான் நினைக்கிறேன். ஜாக்கியாக நடித்த ஈடி ஃபால்கோ அதற்கு முன் ‘தி சொப்ரானோஸ்’ தொடருக்காக நாடகப் பிரிவில் மூன்று முறை அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியவர். 2010-ல் நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகை விருது கிடைத்தபோது, தமக்குச் சிரிக்க வைக்கவே வராது என்று மேடையிலேயே சொன்னார். அவர் சொன்னது ஒருவகையில் உண்மை. அவர் எந்த இடத்திலும் சிரிக்க வைக்க முயல்வதில்லை. பயிற்சிச் செவிலியர் ஸோயியாக வரும் மெரிட் வீவர்தான் இந்தத் தொடரின் கட்டியங்காரி: அப்பாவித்தனமாகக் கேட்டே ஜாக்கியின் பொய்களைத் தோலுரிப்பவள். முதல் மூன்று பருவங்கள் கச்சிதம். பிறகு போதை, மீட்பு, மீண்டும் போதை என்று சுற்றத் தொடங்குகிறது. கடைசி அத்தியாயத்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு, எனக்குப் பிடித்தது.

அதே ஷோடைமில் 2010 முதல் 2013 வரை வந்தது ‘தி பிக் சி’. மினியாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியை கேத்திக்குத் தோல் புற்றுநோய், நான்காம் நிலை. வீட்டில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, கொல்லையில் நீச்சல் குளம் வெட்ட ஆள் பிடிக்கிறாள். இது நமக்குப் புதிதல்ல. நம் வீடுகளிலும் நோயை மறைப்பது உண்டு. ஆனால் நாம் நோயாளிக்குத் தெரியாமல் மறைப்போம், அவள் குடும்பத்துக்குத் தெரியாமல் மறைக்கிறாள். அந்த ஒரு திருப்பத்திலிருந்தே முதல் பருவத்தின் அத்தனை சிரிப்பும் பிறக்கிறது. லாரா லின்னியின் நடிப்பு அபாரம். முதல் பருவத்தின் இறுதியில் மகன் ஒரு வாடகைக் கிடங்கின் கதவைத் திறக்கும் காட்சியை இங்கே விவரிக்கமாட்டேன். இரண்டாம், மூன்றாம் பருவங்கள் தள்ளாடுகின்றன; அவற்றை வேகமாகக் கடந்து, ஒருமணி நேர அத்தியாயங்கள் நான்கே கொண்ட கடைசிப் பருவத்துக்கு வந்துவிடலாம். அதற்காக லின்னிக்கு எம்மி கிடைத்தது நியாயம்.

விளம்பரம் போடும் கேபிள் சேனல்களும் இந்த வகையில் இறங்கின. அவற்றுக்கும் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் மாதாமாதம் ஒரு சிறு தொகை வந்துகொண்டிருந்தது. விளம்பரம் இன்னொரு வருவாய். யுஎஸ்ஏ நெட்வொர்க்கின் ‘மாங்க்’ அப்படிப் பிழைத்த ஒன்று. ஏபிசி என்ற பொது நிறுவனத்துக்காக உருவாக்கத் தொடங்கி அங்கே நின்றுபோன தொடர் அது. 2002-ல் கேபிளுக்கு வந்து வெற்றி பெற்றதும், அதே ஏபிசி அதன் அத்தியாயங்களை வாங்கி மறுஒளிபரப்பு செய்தது. அந்த நிறுவனத்தின் அதிகாரிகள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிப்பதே ஒரு தனி நகைச்சுவை.

ஏட்ரியன் மாங்க் சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் துப்பறிவாளர். மனைவி ட்ரூடி காரில் வைத்த குண்டால் கொல்லப்பட்ட பிறகு, முன்பே இருந்த எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி) முற்றிவிடுகிறது. கிருமி பயம், உயர பயம், பால் பயம். கை குலுக்கினால் உடனே துடைக்கத் துணி நீட்ட உதவியாளர் கூடவே வர வேண்டும். எதிலும் ஒழுங்கு பிசகினால் தாங்க முடியாத அந்த நோயே கொலை நடந்த அறையில் பிசகியிருக்கும் சிறு பொருளை அவர் கண்ணில் காட்டுகிறது. கட்டியங்காரனைக் கதையிலிருந்து வெட்டி எடுக்க முடியாது என்றேனே, அந்த ஒட்டுதல் இதுதான். சிரிப்பும் துக்கமும் துப்பும் ஒரே காயத்திலிருந்து வருகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. டோனி ஷலூப் இதற்காக நகைச்சுவைப் பிரிவில் மூன்று முறை எம்மி வாங்கினார். எட்டுப் பருவங்கள், 125 அத்தியாயங்கள். 2009 டிசம்பர் 4 அன்று வந்த இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் 94 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றைக்குக் கேபிள் நாடகத் தொடர்களில் அது சாதனை. குறையும் உண்டு. சில அத்தியாயங்கள் நோயாளியின் அறிகுறிகளைக் காட்டியே சிரிப்பு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. அதே சேனலின் ‘சைக்’ இன்னும் இலகுவானது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்க்கலாம்.

சாவு வீட்டுச் சிரிப்பு

இந்த வகையில் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் ‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ என்பேன். ஹெச்பிஓவில் 2001 முதல் 2005 வரை ஐந்து பருவங்கள், 63 அத்தியாயங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஈமச் சடங்கு நிலையம் நடத்தும் ஃபிஷர் குடும்பத்தின் கதை. ஏறத்தாழ ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சாவோடு தொடங்கும். சில சாவுகள் கோரம், சில அபத்தம். முதல் அத்தியாயத்திலேயே குடும்பத் தலைவர், புதிதாக வாங்கிய அமரர் ஊர்தியை ஓட்டிக்கொண்டு வரும்போது பேருந்து மோதி இறக்கிறார். இறந்தவர் இறந்தவராகவே இருந்துவிடுவதில்லை. பிள்ளைகள் முன் தோன்றி, சட்டையை மாற்றிக்கொண்டு, சிகரெட் பிடித்தபடி, அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் தயங்குவதைப் போட்டு உடைக்கிறார்.

அமெரிக்கச் சாவு வீடு ஓசையற்றது. உடலுக்கு மருந்தேற்றி, முகத்துக்கு மெருகேற்றி, தரைவிரிப்புப் போட்ட கூடத்தில் மெதுவாகப் பேசுவார்கள். உரக்க அழுபவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பறை முழங்க, ஆட்டத்தோடு, பூப்பல்லக்கில் போகும் நம் இறுதி ஊர்வலங்களைப் பார்த்தவருக்கு இந்த மௌனமே விசித்திரமாக இருக்கும். அந்த மௌனத்தை உடைக்க ஃபிஷர் குடும்பத்துக்கு இறந்த அப்பாவின் ஆவி தேவைப்படுகிறது. நம்மூர்க் காரிய வீட்டில் அந்த வேலையைச் செய்ய அரிதாரம் பூசிய கட்டியங்காரன் வருகிறான். இந்தத் தொடரைக் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவர் பார்ப்பதற்கும் மற்றவர் பார்ப்பதற்கும் நிச்சயம் வேறுபாடு இருக்கும். கடைசி அத்தியாயத்தின் கடைசிச் சில நிமிடங்களைத் தொலைக்காட்சி வரலாற்றின் சிறந்த முடிவுகளில் ஒன்றாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தனியாகத் தேடி அந்தக் காட்சியை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அண்மைக் காலத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: 2022 முதல் 2024 வரை ஹெச்பிஓவில் வந்த ‘சம்பாடி சம்வேர்’. கான்சஸ் மாநிலத்தில் மேன்ஹாட்டன் என்றொரு சிறு நகரம். நியூயார்க்கின் மேன்ஹாட்டனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாகக் கிடந்த அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊருக்குத் திரும்பிய சாம், அக்கா போன பிறகும் அங்கேயே தங்கிவிடுகிறாள். பகலில் தேர்வுத்தாள் திருத்தும் நிலையத்தில் வேலை. இரவில் சோஃபாவில் தூக்கம். பள்ளிக்கூட நாள்களில் அவள் பாடியதை மறக்காத ஜோயல் என்பவன் நண்பனாகிறான். கொலை இல்லை, ரகசியம் இல்லை, பெரிய காதலும் இல்லை. மொத்தமே 21 அத்தியாயங்கள். சாமாக பிரிட்ஜெட் எவரெட், ஜோயலாக ஜெஃப் ஹில்லர். ஹில்லருக்கு 2025-ல் துணை நடிகருக்கான எம்மி கிடைத்தது.

வெளியூரில் பிழைக்கப் போய், பெற்றோரின் மருத்துவத்துக்காகவோ தங்கையின் கல்யாணத்துக்காகவோ ஊர் திரும்பி, பிறகு போகாமலே இருந்துவிட்ட நாற்பது வயதுக்காரர்கள் ஆற்காட்டிலும் ஆரணியிலும் எத்தனை பேர்! அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 21 அத்தியாயங்களில் கதை முடிந்துவிட்டால் நேரத்தை வாங்கியவர் மிச்ச விளம்பரத்தை எங்கே விற்பார்?

இப்போது எங்கே பார்ப்பது

நம் கேபிளில் மாற்றங்கள் வராமல் இல்லை. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் அமைக்கப்பட்டபோது அதன் முதல் கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று வேலூரில் நிறுவப்பட்டது. 2011 செப்டம்பரில் மறுபடி தொடங்கியபோது மாதக் கட்டணம் 70 ரூபாய். ஏழை வீட்டுக்கும் கேபிள் எட்டியது. நல்லதுதான், ஆனால் 70 ரூபாயில் புதிய கதைகளுக்குப் பங்கு பிரித்துத் தர முடியாது. செட்டாப் பெட்டி வந்து இணைப்புகளின் எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில், 100 சேனல்கள் அடங்கிய அடிப்படைக்கு வரி நீங்கலாக 130 ரூபாய், அதற்கு மேல் வேண்டிய சேனலுக்குத் தனிக் காசு என்றானது. வேண்டியதற்கு மட்டும் காசு கொடுக்கும் முறை, அமெரிக்காவில் ஹெச்பிஓவை வளர்த்ததற்கு ஏறத்தாழ அருகில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த வகைப் பார்வையாளர்கள் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலத் தொடர்கள் காட்டிக்கொண்டிருந்த ஏஎக்ஸ்என் சேனல் 2020 ஜூனில் இந்தியாவில் நின்றது. நம் கேபிளில் ஆங்கிலப் படங்கள் காட்டிக்கொண்டிருந்த ஹெச்பிஓ சேனல் அதே ஆண்டு டிசம்பர் 15-ல் நின்றது.

ஆகவே மேலே சொன்ன அமெரிக்கத் தொடர்களை இணையச் சந்தா வழியாகத்தான் தேட வேண்டும். உரிமைகள் அடிக்கடி கைமாறுவதால் இன்று ஒரு தளத்தில் இருப்பது நாளை வேறொன்றில் இருக்கலாம். துணைத்தலைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், ஜாக்கியின் மருத்துவமனையில் எல்லாரும் ஓடிக்கொண்டேதான் பேசுவார்கள். ‘மாங்க்’ தவிர மற்றவற்றைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. தொடங்குவதானால் ‘மாங்க்’ முதல் பருவத்திலிருந்து தொடங்கி, ‘நர்ஸ் ஜாக்கி’ மூன்று பருவங்கள், பிறகு ‘சம்பாடி சம்வேர்’ முழுவதும் என்று போகலாம். ‘சிக்ஸ் ஃபீட் அண்ட’ருக்கு அவசரமில்லை. ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் அது தாங்காது.